காதம்மா எனக்குள் வைத்துவிட்டுப் போன துண்டு

இந்த அஞ்சலிக் கூட்டத்தின் மேடையில் இருக்கும் மருத்துவர்களுக்கும், வார்டு அக்காக்களுக்கும், என்னைப் போல் ஒரு காதோடு பிறந்த தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். பேச வராது. எழுதியதைப் படிக்கிறேன்.

காது செய்து கொடுத்த நம் டாக்டரம்மாவுக்குக் காதம்மா என்று பெயர் வைத்ததே வார்டுப் பிள்ளைகள்தான். அந்தப் பெயருக்கு அவர் திரும்பிப் பார்க்காத நாள் உண்டா?

முதல் நாள் என் நல்ல காதை மடித்துவிட்டார். அது தானாக நிமிர்ந்தது.

"பாத்தியா, குருத்தெலும்பு. காதுல இருக்கிறது ரப்பர் மாதிரி, மடிச்சா எழுந்துக்கும். முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கிறது நார்க்கயிறு மாதிரி, பாரம் தாங்கும். விலா நுனியில இருக்கிறது கண்ணாடியாட்டம் வழவழன்னு, கொஞ்சம் விறைப்பு. அதுலதான் உனக்குக் காது செதுக்கப் போறேன்."

"அதுவும் மடங்குமா டாக்டரம்மா?"

"மடங்காது. ஆனா ஒண்ணு, அதைப் புடிச்சுத் திருகினா உங்கம்மா கைதான் வலிக்கும்."

இந்த மருத்துவமனையில் அம்மா அன்றைக்குத்தான் சிரித்தார்.

செதுக்கிய காதைத் தோலுக்கடியில் வைத்தபின் தினமும் வந்து பார்ப்பார். "இதுக்குன்னு ரத்தக்குழாய் கிடையாதுடி. சுத்தி இருக்கிறவங்க கசிய விடுறதைக் குடிச்சுதான் பிழைக்கும். அந்தப் பக்கமாப் படுத்து நசுக்கிடாதே."

இப்போது என் காது தலையோடு ஒட்டியிருக்கிறது. இன்னொரு அறுவையில் அதை நிமிர்த்த வேண்டும். முட்டுக் கொடுக்க, மிச்சமான ஒரு துண்டை என் நெஞ்சுத் தோலுக்கடியிலேயே வைத்துத் தைத்தார். "உன் பொருள், உன்கிட்டயே இருக்கட்டும். அடுத்த தடவை வாங்கிக்கறேன்."

அதற்குள் போய்விட்டார்.

அவர் இடத்துக்கு வந்த சின்ன டாக்டர் அந்த அறுவைக்கு இரண்டு முறை கூப்பிட்டார். நான் வரவில்லை. தொட்டால் அந்தத் துண்டு விரலில் தட்டுப்படும். அது உள்ளே இருக்கும்வரை, காதம்மா எனக்காக ஒருநாள் வர வேண்டியவர். எடுத்துவிட்டால் யாருக்காகக் காத்திருப்பேன்?

போன வாரம் மருந்து வாங்க வந்தபோது, வரிசையில் ஒரு தாய் என் காதையே பார்த்தார். "இவ்வளவுதானா? இதுக்கா என் பொண்ணு நெஞ்சை அறுக்கணும்?" என்று மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பின்னால் ஓடினேன். "இன்னும் முடியலைக்கா" என்றேன். "எப்ப முடியும்?" என்றார். காதம்மாவின் வேலையைப் பாதியில் நிறுத்தி வைத்திருப்பது சாவு மட்டுமா? நானும்தானே?

அந்தத் தாய் திரும்பி வரவில்லை. இனி வருகிற தாய்மார் என் காதைத் தொட்டுப் பார்க்கட்டும். அந்த வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். இது காதம்மாவுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

சின்ன டாக்டர் அவர்களே, வியாழக்கிழமை காலை வெறும் வயிற்றோடு வந்துவிடுகிறேன்.