மாற்றி வைத்த வரி

தேநீருக்குச் சீனி வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. ஈயத்தோடு வேலை செய்கிறவர்கள் தினமும் வெல்லக்கட்டி தின்போம். ஈயம் உடம்பில் தங்காது என்று ஒரு நம்பிக்கை. அந்த இனிப்பே எனக்குப் போதும். பத்திரிகை ஆசிரியர் தங்கையாவை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன்.

மலாக்காவில் எங்கள் பத்திரிகை வாரம் இரண்டு முறை வருகிறது. முன்பெல்லாம் எட்டுப் பேர் கையால் எழுத்துக் கோத்தோம். ஒருவர் செய்தியை உரக்கப் படிக்க, மற்றவர்கள் எழுத்தெழுத்தாகப் பொறுக்குவோம். அச்சேறுவதற்குள் ஒவ்வொரு செய்தியும் எட்டு வாயில் அரைபட்டுவிடும். பதினான்கு வருஷம் எனக்குப் பக்கத்து இருக்கை வீராசாமி. என்னைக் கேலி செய்யாமல் அவனுக்குப் பொழுது போகாது.

ஐம்பத்தொன்றில் சிங்கப்பூரிலிருந்து ஒரு பழைய லைனோ யந்திரம் வந்தது. விசையைத் தட்டினால் பித்தளை அச்சுகள் சறுக்கி வந்து வரிசையாக நிற்கும். அவற்றின்மேல் உருகிய ஈயம் பாய்ந்து, ஒரு வரி முழுவதும் ஒரே கட்டியாகச் சூட்டோடு வெளியே விழும். எட்டுப் பேர் இரண்டு நாள் செய்த வேலையை நான் ஒருவனே மத்தியானத்துக்குள் முடித்தேன். மற்ற ஏழு பேரையும் அனுப்பிவிட்டார்கள். ஓர் எழுத்து தப்பினாலும் வரி முழுவதையும் மறுபடி வார்க்க வேண்டும். அது பெரிய தொல்லையில்லை. பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் சரி. ஆசிரியர் புரூஃபில் கையெழுத்துப் போட்ட பிறகும் செருகலாம். பார்ப்பதற்குத்தான் யாரும் இல்லையே.

வீராசாமி சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருவான், சேர்ந்து சாப்பிடுவோம். பிறகு கமலவேணியைக் கட்டிக் கொண்டான். கடைசியாக வந்தபோது சிரித்துக் கொண்டே சொன்னான்:

"நீ மிஷினோடயே குடும்பம் நடத்துலா, பெரியதம்பி. இனிமே நான் டவுன் பக்கம் வர்றது சந்தேகந்தான்."

நான்கு மாதம் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பஸ் நிலையத்தில் நின்று, இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். தனிமை எனக்குத் தாங்கவில்லை ஐயா. அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

போன செவ்வாய் ஒரு செய்தி வந்தது. அவன் தோட்டத்துக்கு அருகில் போலீஸ் இரண்டு கம்யூனிஸ்டுகளைச் சுட்டது. 'ஒரு தொழிலாளி தந்த தகவலின் பேரில்' என்று மட்டும் தங்கையா எழுதியிருந்தார். எங்கள் பத்திரிகையில் பெயர் போடுவதில்லை. காட்டிக் கொடுத்தவனைக் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் உயிரோடு விடமாட்டார்கள் என்று, வெள்ளைக்காரன் அவர்களை ஒடுக்க அவசரகாலம் அறிவித்த நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். அப்படிச் செத்தவர்களைப் பற்றி நானே ஐந்து செய்தி வார்த்திருக்கிறேன்.

தங்கையா கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். நான் அந்த வரியை உருவிவிட்டு, வீராசாமியின் பெயரோடு புது வரி செருகினேன். அவன் யாருக்கும் எந்தத் தகவலும் தந்தவனில்லை. பெயர் வெளியானால் தோட்டத்தில் இருக்கப் பயந்து டவுனுக்கு வந்துவிடுவான் என்று நினைத்தேன். என் அறையில் இன்னொரு பாய் விரிக்க இடம் இருக்கிறது.

புதன்கிழமை பத்திரிகை வந்தது. அன்றும் மறுநாளும் பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கமலவேணி அவனை ரப்பர் மரத்தடியில் கண்டெடுத்தாள்.

அவன் சாக வேண்டுமென்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிக் கொள்ளுங்கள். அந்தத் தோட்டத்தில் வீராசாமிகள் இரண்டு பேர். தப்பான ஆளுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்றுதான், கீழிருந்த விளம்பரத்தில் ஒரு வரியை எடுத்துவிட்டு இடம் பண்ணி, அவன் குடியிருந்த லயத்து வீட்டின் எண்ணையும், காலையில் அவன் தனியாகப் பால் வெட்டும் மர நிரையின் எண்ணையும் சேர்த்தேன்.