கடைசிப் பெட்டியைப் பார்த்த பிறகு

மேடையில் அமர்ந்திருக்கும் ரயில் நிலையப் பாதுகாப்புக் குழுத் தலைவர் திரு. மோகன்குமார் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, கணவர் திரு. குழந்தைவேல் அவர்களை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உஷாராணி அவர்களே, உள்ளே இடமில்லாமல் நடைமேடைவரை நிற்கும் கல்லாங்கோம்பை மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பின்னால் நாற்காலி இழுப்பவர்கள் இழுத்து முடித்துவிடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

நன்றி.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும், உயிரைக் கொடுத்தாவது இந்த நிலையத்தைக் காப்போம் என்று சூளுரைத்தார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். நான் கைதட்டவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற நிலைய அதிபர் திரு. குழந்தைவேல் யார்? ராசிபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர். ரயில்வேயில் சேர்ந்து, மலையடிவாரத்தில் இருக்கும் இந்தச் சிறிய நிலையத்துக்கு வந்தார். இங்கே வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் சேலம் சூரமங்கலத்துக்கு மாற்றல் கேட்டு ஓடினார்கள். இவர் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சொந்த ஊர் திரும்பவில்லை.

எதற்காக இங்கேயே இருந்தார்? இந்தக் கட்டடத்துக்காகத்தான். மலையில் விளைந்த காப்பியும் ஆரஞ்சும் கீழே இறங்கியது இந்தக் கூட்ஸ் ஷெட்டுக்கு. நம் சந்தை கூடியது வண்டி வரும் நேரத்துக்கு. கல்யாண வீட்டார்கூட வண்டி நேரத்தைக் கேட்டுக்கொண்டுதான் முகூர்த்தம் வைத்தார்கள். கான்வென்ட் விடுதிக்குப் போக நான் ட்ரங்குப் பெட்டியோடு ஏறியதும் இங்கேதான். பிறகு அகலப்பாதை வந்தது. வண்டிகள் நிற்காமல் போகத் தொடங்கின. நிலையம் மூடப்பட்டது. பூட்டிய கட்டடத்தைத் தினமும் வந்து பெருக்கியவர் குழந்தைவேல் ஒருவரே.

அவருடைய பணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ரயிலின் கடைசிப் பெட்டியிலும் ஓர் அடையாளப் பலகை தொங்கும். நிலைய அதிபர் அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் வண்டி முழுதாக வந்து சேர்ந்ததாகப் பொருள். பார்க்காவிட்டால், வழியில் ஏதாவது பெட்டி கழன்று நிற்கக்கூடும். அதே பாதையில் அடுத்த வண்டியை விடக் கூடாது.

ஒரு மார்கழிக் காலை. கண்ணை மறைக்கும் பனி. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. அந்தப் பக்கம் போக வேண்டிய பயணி வண்டி இங்கே காத்திருந்தது. அதில் என் கணவர் இருந்தார். அவருக்குப் பொறுமை கிடையாது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இறங்கி வந்து சத்தம் போட்டார்.

"ஏனுங்க ஸ்டேஷன் மாஸ்டரு, வண்டிய உடறீங்களா, இல்ல நாங்க நடந்தே போயரட்டுமா?"

"கடைசிப் பெட்டிய இன்னும் பாக்கலீங்க."

"அதா நிக்குதில்ல, அத்தன பெரிய வண்டி. கண்ணு தெரியலீங்களா?"

"வண்டி தெரியுதுங்க. வால்தான் தெரியலீங்க."

பெட்டிகளில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளக்கை எடுத்துக்கொண்டு பனிக்குள் நடந்தார். சரக்கு வண்டியின் கடைசியில் அந்தப் பலகை இல்லை. கல் ஏற்றிய பெட்டிகள் சில கழன்று, காட்டு வளைவில், தண்டவாளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தன. பயணி வண்டி கிளம்பியிருந்தால் என் கணவர் அன்றைக்கே போயிருப்பார். அதற்குப் பிறகு நாங்கள் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் குழந்தைவேல் எங்களுக்குக் கொடுத்தது. விதவையான பிறகும் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது, சொல்லச் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். மோகன்குமார், தலை குனிய வேண்டாம். நிமிர்ந்து உட்காருங்கள்.

பழமையான கட்டடம் என்று ஏற்றுக்கொண்டால் இதை இடிக்க மாட்டார்கள். குழந்தைவேல் அதற்காக ஏறாத படியில்லை. கடைசியில், அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று செய்தி வந்தது. அந்தச் சமயம் பார்த்து அவருக்கு நெஞ்சுவலி வந்து, சேலத்தில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தேன். ஊர் என்ன செய்தது? நம் ஊருக்குப் பெரிய மனிதர் வந்தால் எப்போதும் என்ன செய்வோமோ, அதையே செய்தது.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்காரர்கள் பணம் போட்டார்கள். தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து வேலை செய்தார்கள். பழைய ஓடுகளை இறக்கிவிட்டுத் தகரக் கூரை போட்டார்கள். சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசினார்கள். தேய்ந்து பளபளத்த கல் தளத்தின் மேல் டைல்ஸ் ஒட்டினார்கள். சுவரெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பெயிண்ட். தேக்கில் செய்த டிக்கெட் கவுண்டரைப் பெயர்த்து, அலுமினிய ஜன்னல் வைத்தார்கள். அந்தத் தேக்கு என்ன ஆயிற்று? அதிகாரிகளுக்கு விருந்து சமைக்க அடுப்பில் எரிந்தது.

நான் ஊர் திரும்பியபோது வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னால் என்ன செய்ய முடியும்? எரிந்ததை எரியாததாக யாரால் ஆக்க முடியும்?

அதிகாரி வந்தார். சுற்றிப் பார்த்தார். "பழைய ஸ்டேஷன் எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

மோகன்குமார் மாலையோடு முன்னால் போனார். "இதானுங்க சார். புத்தம் புதுசாப் பண்ணிட்டமுங்க."

அதிகாரி சுவரைத் தட்டினார். கூரையைப் பார்த்தார். "இதுல பழசு எதுங்க?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான். கேலியாகக் கேட்கவில்லை. அப்போதுதான் கூட்டத்துக்கு விஷயம் புரிந்தது. மருத்துவமனையிலிருந்து காரில் வந்து இறங்கிய குழந்தைவேல், கதவைப் பிடித்தபடி நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "பழசு நாந்தானுங்க."

அதிகாரி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்: "ஏன் இவர்களை ஒரு வார்த்தைகூடக் கண்டிக்கவில்லை? எனக்கு வாயில் வராத வார்த்தையெல்லாம் வருகிறது."

"சௌந்திரம்மா, ராவும் பகலுமா சனம் தூங்காம நின்னு பெயிண்ட் அடிச்சிருக்குதுங்க. இவளே பந்தல்ல உக்காந்து காய் நறுக்கியிருக்கறா. ஆசையாச் செஞ்சவங்கள என்னன்னு வையறதுங்க?"

உஷாராணி சமையலறையிலிருந்தே சொன்னார்: "வைய வேண்டியதுதானுங்களே. எனக்குந்தான் சொல்றன். கல்லாட்டம் உக்காந்திருந்தா நெஞ்சு வலிக்காம என்ன பண்ணும்?"

அவர் வையவில்லை. சில வாரங்களில் போய்விட்டார். அவரை எடுத்த மறுநாள் உத்தரவு வந்தது. பழமை எதுவும் எஞ்சவில்லை, கட்டடத்தை அகற்றலாம் என்று. வரும் வியாழக்கிழமை காலை இயந்திரம் வருகிறது.

மேல்முறையீடு என்கிறீர்கள். நானே வழக்கறிஞரிடம் பேசினேன். எதைக் காட்டி வாதாடுவது என்று அவர் கேட்டார். எதைக் காட்டுவது? ஓடுகளையா? காரையையா? அடுப்புச் சாம்பலையா? என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் இப்போதே எழுந்து சொல்லுங்கள். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

இல்லை.

ஆகையால் நான் கைதட்டவில்லை. காப்போம் என்று அவர் படத்தின் முன் நின்று என்னால் சொல்ல முடியாது. அது நடக்காது. நடக்காததைச் சொல்லி அவரை அனுப்பிவைப்பது மரியாதையும் அல்ல. அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று சொல்வது இப்படிப்பட்ட கூட்டங்களின் வழக்கம். இதில் தொடர என்ன மிச்சம் இருக்கிறது? இரவெல்லாம் யோசித்தேன். ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது.

எந்த வண்டியையும் அவர் பாதி பார்த்து விட்டதில்லை. மழையிலும் நின்றார், காய்ச்சலிலும் நின்றார். கடைசிப் பெட்டி கண்ணைவிட்டு மறையும்வரை இந்த நடைமேடையில் நின்றார். அதன் பிறகுதான் வண்டி போய்விட்டது என்றார். இந்த நிலையத்தின் கடைசியை மட்டும் அவர் பார்க்கவில்லை. அதை நாம் பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை எல்லோரும் வாருங்கள். கோஷம் வேண்டாம், பதாகை வேண்டாம், இயந்திரத்தின் முன் படுக்க வேண்டாம். ஓட்டுபவரும் யார் வீட்டுப் பிள்ளையோ. ஒதுங்கி நிற்போம். முதல் சுவர் விழும்போது அழுதுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கடைசிச் சுவர்வரை நில்லுங்கள். கல்லையும் மண்ணையும் ஏற்றிய கடைசி லாரி நாமகிரிப்பேட்டை சாலையில் திரும்பி மறையும்வரை நில்லுங்கள். அதற்குப் பிறகுதான் போய்விட்டது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

மோகன்குமார், நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும். உஷாராணியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு நாற்காலி போட வேண்டாம்.