அரசந்தாங்கல் வெள்ளை அரிசிக்கு வேப்பஞ்சேரிக்காரன் வாழ்த்துரை

விழாவுக்குத் தலைமை தாங்கி, வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றியபடி என்னைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும் அரசந்தாங்கல் ஊராட்சித் தலைவர் அருணாச்சலம் அவர்களே, தாலுகா நெல் கண்காட்சியில் முதல் பரிசை வென்று, மாலைக்குள் முகம் மறைந்து அமர்ந்திருக்கும் அருமை நண்பர் தணிகாசலம் அவர்களே, பந்தலின் வலப்புறம் பாய் விரித்து அமர்ந்திருக்கும் பாசமிகு தாய்மார்களே, இடப்புறம் இடம் போதாமல் வரப்பின் மேல் நிற்கும் பெரியோர்களே, என்னோடு வண்டி கட்டி வந்திருக்கும் வேப்பஞ்சேரி விவசாயப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் வேப்பஞ்சேரி ஊராட்சித் தலைவன் அப்பாவுவின் வயிறெரிந்த வணக்கம்.

ஆம், வயிறெரிந்த வணக்கம்தான். தலைவர் நிமிர்ந்து உட்காருகிறார். அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே வாழ்த்துரை என்று அச்சடித்தவர் அவர். வாழ்த்த வந்தவன் மேடையில் பொய் பேசலாமா? எனக்குப் பொறாமை, பெரியோர்களே. பொங்கி வருகிற பொறாமை, பொத்தி வைக்க முடியாத பொறாமை. பந்தலுக்குள் கால் வைத்ததிலிருந்து என் கண் அந்த மேசை மேல் இருக்கிற கோப்பையை விட்டு நகரவில்லை.

அந்தக் கோப்பையை எனக்குத் தெரியாதா? அதன் இடது காது நசுங்கியிருக்கிறதே, எப்படி நசுங்கியது என்று தணிகாசலத்துக்குத் தெரியுமா? என் வீட்டு அலமாரியிலிருந்து விழுந்து நசுங்கியது. அறுபதுகளில் ஆண்டு தவறாமல் அது வேப்பஞ்சேரியில்தான் வீற்றிருந்தது. கண்காட்சிக்குப் போவோம், கோப்பையோடு திரும்புவோம். பொன்னேரிச் சந்தையில் எங்கள் அரிசி மூட்டையைப் பிரித்தால் மற்ற மூட்டைகளின் முன்னால் நின்ற கூட்டம் எங்கள் பக்கம் நகர்ந்துவிடும்.

அதோ, தாய்மார்கள் நடுவிலிருந்து உங்கள் ஊர்க் கெங்கம்மாள் ஏதோ கேட்கிறார். சத்தமாகக் கேளுங்கள் தாயே. "அதான் இப்ப எங்க ஊருக்கு வந்துட்ச்சே அண்ணாத்தே, இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்கிறார். நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கடலோரத்தில் அனல் மின் நிலையம் எழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். எழுபதாம் ஆண்டில் முதல் புகை வந்தபோது வேப்பஞ்சேரியே வண்டி கட்டிப் போய் வேடிக்கை பார்த்தது, கற்பூரம் ஏற்றியது. வேண்டாம் என்றா சொன்னோம்? விளக்கு வந்தது, பம்புசெட்டு ஓடியது, இதோ நான் முழங்குகிற இந்த மைக்கும் அந்த மின்சாரத்தில்தான் முழங்குகிறது. அன்றைக்கு ஒரே ஒரு கொதிகலன், ஒல்லியாக ஒரு புகை. பிறகு இன்னொன்று வந்தது, அதற்கும் பிறகு மற்றொன்று வந்தது. கரி ஏற்றிய ரயில் பகலில் வந்தது போய் ராத்திரியும் வந்தது. புகை பருத்தது, புகை கறுத்தது, கடற்காற்று கிளம்புகிற நேரமெல்லாம் எங்கள் ஊரின் மேல் வந்து படுத்தது. கொடியில் காய்ந்த வேட்டி மங்கியது, குடத்துத் தண்ணீரில் ஏடு படிந்தது. "இன்னாய்யா இது, தலைய தட்னா அடுப்ப தட்னாப்புல கொட்டுது" என்று என் மனைவி லட்சுமியம்மாள் கேட்டாள்.

நாங்கள் கோபப்பட்டோமா? இல்லை ஐயா, நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஏன்? நாற்றங்காலில் விதை விடும் முன் ஒரு கூடை அடுப்புச் சாம்பல் தூவாத வீடு இந்த இரண்டு ஊரிலும் உண்டா? அந்தச் சாம்பலுக்காக வீடு வீடாக அடுப்பைச் சுரண்டியவர்கள்தானே நாம்? இப்போது வானமே தூவுகிறது என்றால் விவசாயிக்கு வாய் இனிக்காதா? விழுந்தது போதாது என்று நிலையத்தின் பின்பக்கம் கொட்டிக் கிடந்ததையும் வண்டி வண்டியாக அள்ளி வந்து வயலில் இறைத்தோம்.

அப்போது பொறாமைப்பட்டது யார்? தணிகாசலம், தலையை நிமிர்த்துங்கள். நீங்கள்தான். இரண்டு வண்டி கட்டிக்கொண்டு என் களத்து வாசலில் வந்து நின்றீர்கள். "அண்ணாத்தே, ரெண்டு வண்டி சாம்ப எங்களுக்கும் உடு. நீங்களே எல்லாத்தையும் அள்ளிக்கினு பூட்டா எப்படி?" என்று கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன்? "எங்க தலமேல உழுவுற சாம்ப, எங்களுது. ஒரு கூடைகூட கெடையாது, போப்பா" என்றேன். வண்டி இரண்டும் காலியாகத் திரும்பிப் போனதைக் களத்தில் நின்று ஊரே பார்த்துச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு ஒரு போகம்கூடத் தாங்கவில்லை. அடுப்புச் சாம்பல் விறகில் பிறந்தது, இது கரியில் பிறந்தது. ஒரு மழை பெய்ததும் மேல்மண் அப்பளமாக இறுகியது. தண்ணீர் கீழே இறங்க மறுத்தது, நாற்று நின்ற இடத்திலேயே பழுத்தது. அதையும் மீறி விளைந்த நெல்லை அவித்துக் களத்தில் ஈரத்தோடு பரப்பினால், அதன் மேலேயும் வந்து படிந்தது. பொன்னேரி வியாபாரி ஒரு பிடி அரிசியைக் கையில் எடுத்தார், ஊதினார், உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். "இன்னா நைனா, இது அரிசியா, சிமிட்டியா?" என்றார். எங்களைப் பார்த்து, வேப்பஞ்சேரியைப் பார்த்து அப்படிக் கேட்டார்.

ஆகவே நான் கேட்கிறேன். இந்தக் கோப்பை யாருடைய உழைப்பு? தணிகாசலத்தின் உழைப்பு, மறுப்பவன் மனிதனல்ல. ஆனால் யாருடைய கஞ்சத்தனம்? என்னுடைய கஞ்சத்தனம். அந்த இரண்டு வண்டிச் சாம்பலை அன்றைக்கு நான் அள்ளிக் கொடுத்திருந்தால் இன்றைக்கு இந்தப் பந்தல் ஏது, இந்த மாலை ஏது? ஒரு பூவாவது எனக்குப் பிய்த்துப் போட வேண்டாமா? சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். உங்களுக்கும் அதே விளக்கு எரிகிறது, அதே பம்புசெட்டு ஓடுகிறது. சாம்பல் மட்டும் எங்களுக்கு. கொடியில் காயும் உங்கள் வேட்டியைப் பார்த்தேன், பொறாமை. மூடாமல் வைத்த உங்கள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன், பொறாமை. இருமாமல் ஓடி விளையாடும் உங்கள் பிள்ளைகளைப் பார்த்தேன், அதற்கும் எனக்குப் பொறாமை.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நிலையத்து இன்ஜினியர் எங்கள் ஊராட்சிக்கு வந்தார். "உங்க கஷ்டம் தீர்ந்ததுன்னு வெச்சுக்குங்க. ரொம்ப உயரமா ஒரு புகைபோக்கி கட்டப் போறோம். புகை உங்க ஊரைத் தொடாம மேலயே தாண்டிப் போயிடும்" என்றார். "தாண்டி எங்க சார் போவும்?" என்று கேட்டேன். அவர் கையை நீட்டினார். மேற்கே நீட்டினார். எங்கள் ஊருக்கு நேர் மேற்கே என்ன ஊர் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆமாம், இந்த அரசந்தாங்கல்தான். கெங்கம்மாள்கூட அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார்.

வருகிற வெள்ளிக்கிழமை பொன்னேரியில் இதற்காகக் கூட்டம். எங்கள் ஊர் சம்மதம் என்று நான் எழுந்து சொன்னால் போதும், வேலை தொடங்கிவிடும். வருகிற வழியில் வண்டியில் எங்கள் ஆட்களே சொன்னார்கள். "சரின்னு சொல்லிடு தலைவரே. நாம தின்ன சாம்பல அவுங்களும் கொஞ்சம் தின்னு பாக்கட்டும்" என்றார்கள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு இனித்தது. இந்த ஊர் எல்லையில் இறங்கும்வரை இனித்தது.

விழா தொடங்குமுன் தணிகாசலம் பரிசு நெல்லில் வடித்த சோற்றை இலை நறுக்கில் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பிடி கொடுத்தாரே, லட்சுமியம்மாளுக்கும் கொடுத்தார். அவள் தின்னவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். "நம்ம பேத்தி இத பாத்ததே இல்லய்யா. சோறுன்னாலே சாம்ப கலருன்னு நெனச்சிக்கினு இருக்குது" என்றாள். அந்தக் குழந்தை புகை வந்த பிறகு பிறந்தது, பெரியோர்களே. அதற்கு வேறு நிறம் தெரியாது.

அந்த இடத்தில் என் இனிப்பு கசந்தது. இந்த ஊர்ச் சோறும் நாளை சாம்பலாகிவிட்டால், சோறு வெள்ளை என்று என் பேத்திக்கு நான் எங்கே கொண்டுபோய்க் காட்டுவேன்? பொறாமைப்படுவதற்கு எனக்கு ஒரு வெள்ளைச் சோறு வேண்டாமா? நீங்களும் நாங்களும் ஒரே சாம்பலைத் தின்றுகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இருமிக்கொண்டிருப்பதா போட்டி? என் பொறாமை பத்திரமாக இருக்க வேண்டும், அதற்கு உங்கள் அரிசி வெள்ளையாக இருந்தே தீரவேண்டும்.

எனவே வெள்ளிக்கிழமை என் பதில், சம்மதம் இல்லை. நான் விடாமல் நச்சரித்ததில் அதே இன்ஜினியர் வாயாலேயே வந்தது, புகை வெளியேறும் முன்பே தூசியைப் பிடித்து வைக்கிற இயந்திரம் உண்டாம், செலவு அதிகமாம், நாளாகுமாம். ஆகட்டும். புகைபோக்கியை உயர்த்தி ஊர் மாற்றிக் கொட்டாதே, உள்ளேயே பிடி, உள்ளேயே அடக்கு, உள்ளேயே வை என்று கேட்போம். நான் ஒருவன் கேட்டால் காதில் விழுமா? அரசந்தாங்கல் வருமா?

தணிகாசலம் எழுந்து நிற்கிறார். "வரேன் அண்ணாத்தே. ரெண்டு வண்டியும் கட்டிக்கினு வரேன்" என்கிறார். கெங்கம்மாளும் வருகிறாராம். வாருங்கள். இந்த முறை உங்கள் வண்டி காலியாகப் போகாது.

கோப்பையைத் துடைத்து வையுங்கள், தணிகாசலம். எங்கள் களம் வெளுத்த மறு ஆண்டே அதை எடுத்துப் போக நானே வருவேன். அழைத்தவர்களுக்கும், பொறுத்தவர்களுக்கும், சிரித்தவர்களுக்கும் இரு கை கூப்பிய என் நன்றி, இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். புறப்படும் முன் ஒரே ஒரு விண்ணப்பம். நீங்கள் கேட்ட இரண்டு வண்டிச் சாம்பலை நான் தரவில்லை. நான் கேட்பது ஒரு பிடிச் சோறு. இலையில் மடித்துக் கொடுங்கள், பேத்திக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.