பந்து கழுவுற மெசினு

இல்லீங் சார், அந்த டிரம்மு மேல உக்காராதீங்க, பூரா கிரீசு. இந்த ஸ்டூலுல உக்காருங்க. மொதல்ல இந்தக் கல்கண்டை வாயில போடுங்க. எதுக்குங்களா? போடுங்க சார், அப்பறமேலுக்குச் சொல்றேன். மணி என்னங்க ஆவுது? அட சாமி, இன்னும் பதினொண்ணே ஆவலீங்களா!

தெரியுமுங்க. போன தடவையே சொல்லிப்போட்டுத்தானே போனீங்க. இன்னைக்கும் மெசினு மக்கர் பண்ணுச்சுன்னா ஆர்டரு கோயமுத்தூருக்குப் போயிரும்னு. ஞாபகம் இருக்குதுங்க. இந்தச் சென்னிமலையோட பட்டறைன்னா கோழிப்பண்ணைக்குத் தண்ணித்தொட்டி அடிக்கற பட்டறைன்னுதான் புதுச்சத்திரத்துல சொல்லுவாங்க. மேட்டூரு கம்பெனி கிளப்புலருந்து உங்களாட்ட ஆபீசரு ஜீப்புல வாரதே எங்களுக்குப் பெரிய சங்கதி. கோல்ப்பு பந்தைக் கழுவறதுக்கு ஒரு மெசினான்னு ஊரே சிரிச்சுதுங்க. நானுந்தான் சிரிச்சேன். குச்சியில அடிப்பாங்களாமா, பந்து போய்ச் சேத்துல உழுவுமாமா, கழுவி எடுத்து மறுக்கா சேத்துக்கே அடிப்பாங்களாமா!

நீங்க சாம்பிளுக்குக் குடுத்த பந்து தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னேனில்லீங்க? அது தொலையலீங்க. எங்க மாமியா சாலம்மா இருக்குதே, அது பந்தைப் பாத்திருக்குது. எங்கூட்டுக் கோழி கண்ட எடத்துல முட்டை வெச்சுட்டு வரும். கூடையில ஒரு முட்டை கெடந்தா அங்கயே வந்து வெக்குமுன்னு எதையாச்சும் போட்டு வெக்கறது எங்க பக்கத்து வழக்கமுங்க. நல்லா வெள்ளையா முட்டையாட்டம் இருக்குதுன்னு உங்க பந்தைக் கூடையில போட்டுருச்சு. நான் பட்டறையெல்லாம் கவுத்துப் போட்டுத் தேடறேன், கோழி அதும்மேல கம்முனு உக்காந்து அடை காக்குது! கையை நீட்டுனா கொத்த வருது. இன்னும் கொஞ்ச நாளு உட்டிருந்தா பொரிச்சிருக்குமுங்க, குட்டியூண்டு தொரை ஒருத்தரு தொப்பி போட்டுக்கிட்டு வந்திருப்பாரு!

சிரிச்சுட்டீங்க பாத்தீங்களா. சரிங்க, சரிங்க, ஓட்டிக் காட்டறேன். சுவிட்சு போட்டாச்சு. மேல் தொட்டியிலருந்து சோப்புத் தண்ணி வருதுங்களா? தேய்க்கற பிரசு சுத்துது, பந்து உருளுது. சித்த இருங்க. இப்ப அடியில குனிஞ்சு பாருங்க, அழுக்குத் தண்ணி தானா எறங்குது. யாரும் கை வெக்கலீங்க! இப்பப் பாருங்க, மூடிக்கிச்சு. ஒரு சொட்டு ஒழுகுதான்னு கையை வெச்சுப் பாருங்க. இல்லையில்லீங்க?

போன தடவை அங்கதானே மானம் போச்சு. பித்தளை வால்வு வெச்சிருந்தேன். மணலும் புல்லும் அதோட வாயில சிக்கிக்கிட்டு மூடவே மாட்டேன்னுருச்சு. தண்ணி பூரா ஒழுகி உங்க பூட்ஸெல்லாம் நனைஞ்சு, நீங்க கோயமுத்தூரு பேச்சை எடுத்துட்டு ஜீப்புல ஏறிப் போனீங்க. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க.

இது என்னன்னு கேக்கறீங்களா? சைக்கிள் டியூபுங்க. மெய்யாலுமே அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை. ஸ்பிரிங்கு இறுக்குனா டியூபு நசுங்கி மூடிக்கும். மோட்டாரு சுத்தறப்ப இந்தக் கோணச் சக்கரம், கேமும்பாங்க, இது வந்து பட்டையைத் தூக்குச்சுன்னா தொறந்துக்கும். நடுவால மணலு மாட்டுனாலும் ரப்பரு அதைச் சுத்திக் கட்டிப் புடிச்சு மூடிருமுங்க. தண்ணி உள்ள, இரும்பு வெளிய. ஒண்ணை ஒண்ணு தொடறதே இல்லை.

என்னங்க? பிஞ்ச் வால்வா? இதுக்குப் பேரே இருக்குதுங்களா? சீமையில முன்னயே வந்துருச்சா? அடப் போங்க சார்! ஒலகத்துலயே நாந்தான் மொத ஆளுன்னு நேத்து பூரா காலரைத் தூக்கி உட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். டீக்கடையில வேற சொல்லிட்டேன்.

மணி என்னங்க? பதினொண்ணே காலுதானா? ஏனுங் சார், உங்க கடியாரம் ஓடுதுங்களா? இன்னொருக்கா ஓட்டட்டுங்களா? முட்டை போட்டு வேணா ஓட்டறேன், உடையாது. மொத தடவை போட்ட முட்டை உள்ளயே ஆம்லெட்டு ஆச்சு, அப்பறந்தான் பிரசை மெதுவானதா மாத்துனேன். போதுங்களா? சரிங்க.

யோசனை எங்க வந்துச்சுங்களா? அதுங்களா. ஆஸ்பத்திரியிலீங்க. போன மாசம் எங்கூட்டுக்காரி பூவாத்தாளை நாமக்கல்லுல சேத்திருந்தோம். மாசமா இருந்தா. முன்ன ரெண்டு தங்கலீங்க. இதுவும் என்னாவுமோன்னு ஆயிப்போச்சு. ஒடம்புல தெம்பே இல்லைன்னு பாட்டலுல குளுக்கோஸு ஏத்துனாங்க. நர்சம்மா ஒரு கிளிப்புல டியூபை நெறிச்சாங்க, சொட்டு நின்னுச்சு. தளத்துனாங்க, மறுக்கா சொட்டுச்சு. நாளெல்லாம் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ மூஞ்சியைப் பாக்கப் பயமா இருந்துச்சுங்க, அதான் டியூபைப் பாத்தேன்.

அய்யோ, இல்லீங்க இல்லீங்க, மூஞ்சியை அப்படி வெச்சுக்காதீங்க! கல்கண்டு தின்னீங்களே, அது அதுக்குத்தான். அவ இன்னும் அங்கதானுங்க இருக்கறா. நீங்க வாரதுக்குச் சித்த முன்னால ஒரு லாரிக்காரரு வண்டியை நிறுத்தி ஆஸ்பத்திரிச் சேதி சொல்லிட்டுப் போனாரு. பொம்பளப் புள்ளை பொறந்திருக்குதுங்க! தாயும் புள்ளையும் நல்லா இருக்கறாங்களாமா. கத்துன கத்துல வார்டே திரும்பிப் பாத்துச்சாமா. ஆனா வெள்ளிக்கெழமை பத்தரையிலருந்து ராவுகாலமாமா. பன்னெண்டு அடிக்காம அப்பங்காரன் வந்து மூஞ்சியைப் பாத்தா வாசல்லயே நிறுத்திப் போடுவேன்னு சொல்லி உட்டுருக்குது. யாருங்களா? வேற யாரு, கோழிக்குப் பந்து வெச்ச அதே மாமியாதான், அவகூட ஆஸ்பத்திரியில இருக்குது. பஸ்ஸுக்கு ஓடுனேன், திரும்பி வந்தேன், மறுக்கா ஓடுனேன். கையுங்காலும் ஒரு எடத்துல நிக்கலீங்க. நல்லவேளைக்கு உங்க ஜீப்பு வந்துச்சு, பேசறதுக்கு ஒரு ஆளு கெடைச்சுது.

ஆர்டரு எனக்கேங்களா? சந்தோசமுங்க, நெம்ப சந்தோசம். அது கெடக்கட்டும், மணி சொல்லுங்க. பதினொண்ணரை தாண்டிருச்சா! இப்பக் கெளம்புனா நாமக்கல்லு போய்ச் சேர பன்னெண்டு ஆயிருமில்லீங்க? அப்ப ஏறுங்க சார், ஏறுங்க. மேட்டூரு அக்கட்டால, எதுத்த பக்கமுன்னு தெரியுமுங்க. கோவிச்சுக்காம வண்டியை நாமக்கல்லுப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. சார், அந்தப் பந்துல ஒண்ணு நான் எடுத்துக்கட்டுங்களா? நல்லாக் கழுவுனதுதானுங்க. எங்க குட்டி அம்மிணியை மொத மொத பாக்கறப்ப வெறுங்கையோட போக முடியாதில்லீங்க.