லிப்ரவில்லுக்குப் போகாத பெண்

புதுச்சேரி சேதராப்பட்டிலிருந்து வந்த பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் கம்பெனி அட்டை தொங்கியது.

“கல்யாணம் ஆனாலும் லிப்ரவில்லுக்குப் போக மாட்டாளாம் எம்பொண்ணு,” என்றார் மூத்தவர்.

“அது எங்கக்கா இருக்கு?”

“ஆப்பிரிக்காவுல, காபோன் நாட்டுக்குத் தலைநகரம். மாப்ள பிரெஞ்சு மிலிட்டரில இருக்காருல்ல, அங்கதான் போஸ்டிங்.”

“போறதுக்கு என்னவாம்?”

“அந்த ஊரு எப்படி உண்டாச்சுன்னு போன்ல படிச்சிட்டா. அடிமைங்கள ஏத்திட்டுப் போன கப்பல பிரெஞ்சுக்காரன் புடிச்சானாம். அவங்கள்ல கொஞ்ச பேர அங்க குடி வெச்சு, சுதந்திர ஊருன்னு பிரெஞ்சுல பேரும் வெச்சானாம்.”

“நல்லதுதான செஞ்சிருக்கான்?”

“நானும் அதத்தான் சொன்னேன். ‘அவங்க சொந்த ஊருல கொண்டுபோய் விட்டானா? எங்கயோ எறக்கிவிட்டுட்டு, இனிமே இதான் உன் ஊருன்னா, அது என்ன சுதந்திரம்?’னு கேக்கறா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்றது? என்னயும் கட்டிக் குடுத்து முதலியார்பேட்டைல அப்படித்தான் எறக்கிவிட்டாங்க. எனக்கு யாரயும் கேக்கத் தோணல.”

“முதலியார்பேட்டைலாம் எறங்கு!” என்று கண்டக்டர் கத்தினார். மூத்தவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.