மோதிர விரலில் பட்டு நூல்

எங்கள் வீட்டில் காலைக் காப்பி நான்தான் போடுவேன், பாஸ்டர். கை நோக எந்த வேலையும் ஜோதிகாவைச் செய்ய விட்டதில்லை. செவிலிமேட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், தங்கமான புருஷன் என்பார்கள். சென்னைக் கச்சேரியில் அவளுக்குப் பதிலாக என்னை வாசிக்கச் சொல்லி வந்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள்.

அவள் வாசிக்க இருந்தவை பியானோவுக்கென்றே எழுதிய எட்டுச் சின்னத் துண்டுகள். பாட்டு வரி கிடையாது. ஒன்றில் மழை, ஒன்றில் தூங்கும் குழந்தை, ஒன்றில் பாதி வழியில் இருட்டிவிட்ட காடு. கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு ஒரு கட்டைகூடத் தெரியாது. சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஒருநாள் இருவரும் மாற்றி மாற்றி அந்த மழையை வாசித்தோம். பக்கத்து வீட்டு நமச்சிவாயம் தறியை நிறுத்திவிட்டு மதிலோரம் வந்து நின்றார். "தங்கச்சி வாசிச்சா, தெருவுல நீட்டியிருக்குற பாவு நூலு நனைஞ்சிடுமோன்னு பதறுதுபா. நீ வாசிச்சா ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்குற மாதிரி இருக்குது தேவசகாயம்" என்றார். மூவரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவரிடமே கொஞ்சம் பட்டு நூல் கேட்டு வாங்கினேன். "உனக்கு மோதிர விரல் வீக்கா இருக்குதும்மா. அத்த மேல இழுத்துக் கட்டிக்கினு மத்த விரலால வாசி. தானா பலம் வரும்" என்றேன். அவள் நம்பினாள். தினமும் கையை நீட்டுவாள், நானே கட்டிவிடுவேன். பட்டு லேசில் அறாது.

"மரத்துப் போவுதுங்க" என்றாள் ஒருநாள்.

"பழகிடும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

இப்போது அந்த விரல் மடங்குவதில்லை. நரம்பு போய்விட்டது என்கிறார் டாக்டர். எதையாவது இறுக்கிக் கட்டினீர்களா என்று அவர் கேட்டபோது நான் சுவரைப் பார்த்தேன். "அவரு ஆசையாத்தான் கட்டிவுட்டாரு டாக்டர், நான்தான் சரியாப் பழகல" என்றாள் ஜோதிகா. வெளியே வந்து அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

விரல் ஒருவேளை பலப்பட்டாலும் படும் என்றுதான் இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்.

சென்னையில் எனக்குப் பியானோ கற்றுக்கொடுத்தவர் முதல் வாரமே ஒன்று சொன்னார். இந்த எட்டுத் துண்டுகளையும் எழுதிய மனிதர், விரலுக்குப் பலம் ஏற்றுகிறேன் என்று இளம் வயதில் எதையோ மாட்டி இழுத்துக் கையைக் கெடுத்துக்கொண்டவராம். பிறகு மேடையேறி வாசிக்கவே முடியவில்லையாம். இந்தக் கதையை மட்டும் நான் ஜோதிகாவுக்குச் சொல்லவில்லை.

பாவம், அப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.