பாடை திருப்பும் கல்

கரண்ட் போன தொம்மலூர் மொட்டை மாடி. ஒரே பாயில் ஆறு பேர் ஒட்டி உட்கார்ந்திருக்க, தன் அத்தான் உத்தமனுக்கு நேர்ந்ததை ராதா சொன்னாள்.

இரவு ஒன்றே முக்கால். சர்ஜாபுரம் தாண்டிய மண்சாலை. வில்லா லேஅவுட் திறப்பு விழாவில் போட்ட மாலை பக்கத்து சீட்டில் கிடக்க, உத்தமன் தனியாகக் காரோட்டி வந்தார். நில ஆலோசகர். கார்டில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம்.

ஆறு மாதத்துக்கு முன் அவர் மேசையில் பழைய சர்வே வரைபடம் ஒன்று விரிந்திருந்தது. ஊரிலிருந்து இடுகாடு வரை சிவப்புப் புள்ளிக் கோடு... நடைபாதை. லேஅவுட்டுக்கு நட்டநடுவே ஓடியது. பார்த்துவிட்டுத்தான் அறிக்கையில் 'பாதை ஏதுமில்லை' என்று கையெழுத்திட்டார்.

அந்த ஊர் மரகதம் ஆபீசுக்கே வந்தாள். "பாதி வழில ஒரு கல்லு இருக்கு சாமி. அங்கதான் பாடையத் தலைமாடு கால்மாடு மாத்தித் திருப்புவோம். திருப்பலைன்னா போனவங்க வீட்டு வழிய மறக்க மாட்டாங்க."

"அப்ப செத்தவங்களுக்கு கூகுள் மேப் வேணாம்னு சொல்லுங்க," என்றார் உத்தமன். ஆபீசே சிரித்தது.

சுவர் எழும்பியது. கல் உள்ளே மாட்டிக்கொண்டது. விழாவுக்கு முந்தின வாரம் மரகதமே போய்ச் சேர்ந்தாள். வேனில் ஏற்றி, மெயின் ரோடு சுற்றிப் புதைத்தார்களாம், பாடையைத் திருப்பவில்லை. விழாப் பந்தியில் வாட்ச்மேன் இதைச் சொன்னபோது உத்தமன் பிரியாணித் தட்டை ஒதுக்கி வைத்தார்.

இப்போது அந்தச் சுவரோரம்... ஈர மண் வாசனை. மழை பெய்து இரண்டு மாதம்.

சர்... சர்...

உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஒருத்தி நடந்தாள். கார் தானாக நின்றது.

"வீட்டுக்குப் போகணும் சாமி. வழி தெரியுது... சுவருதான் முடிய மாட்டேங்குது."

"நாளைக்கே... திருத்தி எழுதித் தரேன்மா."

"சரி. கூடவே வந்து வாங்கிக்கிறேன்."

பின்கதவு திறந்து... மூடியது.

காலையில் வெயில் வந்தது, கூடவே துணிச்சலும். திருத்தினால் லைசென்ஸ் போகும். ஃபைலை மூடினார். அன்றிரவே படுக்கையறைச் சுவரில் சர்... சர்... மூன்று வீடு மாறினார். ஒவ்வொரு வீட்டிலும் திருத்தக் கடிதத்தை முழுசாக எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பேனா நின்றது.

ராதா நிறுத்தினாள்.

"இப்ப எங்கடி இருக்காரு?" என்றாள் பாயில் அவளை ஒட்டி இருந்த சுனிதா.

"நேத்து பெட்டியோட வந்தாரு. கீழ எங்க வீட்லதான் படுத்திருக்காரு."

கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம், மூன்று மாடி உயரத்தில்... ஈர மண் வாசனை.

சர்... சர்...